குளவியின் குலவரலாறு

சென்ற திங்களில் ஒரு பிற்பகல். எட்டாம் வகுப்பு மாணவர்க்கு வரலாறு சொல்லிக்கொண்டிருந்தேன். எந்த மன்னன் எவனுக்கு மகன், எந்தக் குலம் எந்தக் குலத்தை வென்றது என்று கரும்பலகையில் கோடிட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் கண்களோ பலகையில் இல்லை, சன்னலில் இருந்தன. அங்கே, மரச்சட்டத்தின் மூலையில், மண்ணால் கட்டிய சிறு கூடு. பச்சைப் புழு ஒன்றைக் கால்களால் அணைத்துத் தூக்கி வந்த குளவி, அதனைக் கூட்டுக்குள் திணித்துக்கொண்டிருந்தது.

"ஐயா! அந்தப் புழுவைக் குளவி கொட்டிக் கொட்டியே தன்னைப்போல் குளவியாக்கிவிடும் என்று எங்கள் பாட்டி சொல்வார்கள். மெய்தானா?" என்று கேட்டான் ஒரு மாணவன்.

'ஆம்' என்ற சொல் என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. ஏன் வராது? நானும் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான். கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது நம் வீட்டுத் திண்ணைப் பேச்சு. ஆசிரியரின் பெருமை பேசும் மேடைகளில், மாணவனைப் புழுவென்றும் ஆசானைக் குளவியென்றும் உவமை கூறிக் கைதட்டல் பெற்றவர் எத்தனை பேர்! வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று மகிழ்ந்து, அதனைக் கலைக்காமல் காத்தவர் எத்தனை பேர்! கூட்டுக்குள் எட்டிப் பார்த்தவர் மட்டும் எத்தனை பேர்?

நாவை அடக்கிக்கொண்டேன். "எனக்குத் தெரியாது தம்பி. பார்ப்போம்" என்றேன். குளவி கூட்டின் வாயை மண்ணால் மூடிற்று. நான்கு நாள் பொறுத்தோம். பிறகு, கூட்டில் ஓர் அறையை மட்டும் கத்தி முனையால் மெல்லத் திறந்தோம். உள்ளே பச்சைப் புழுக்கள் ஐந்தாறு கிடந்தன. செத்தவை அல்ல, குச்சியால் தொட்டதும் நெளிந்தன. ஆனால், ஊர்ந்து செல்லும் வலிமை அவற்றுக்கு இல்லை. அவற்றுள் ஒன்றன்மேல் வாய் பதித்துக் கிடந்தது, காலில்லாத வெண்புழு ஒன்று. அதுதான் குளவியின் குழந்தை! பச்சைப் புழு குளவியாகவில்லை, குளவிக்குஞ்சுக்கு உணவாகிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் வாயடைத்து நின்றனர். அதே மாணவன் மீண்டும் கேட்டான்: "இந்தக் கொடுந்தொழில் குளவிக்கு எப்படி வந்தது, ஐயா?"

எனக்கு விடை தெரியவில்லை. நான் விலங்கியல் பயின்றவன் அல்லன். கலைப்பட்டம் பெற்ற வரலாற்று ஆசிரியன். எனினும், அவன் கேட்டது வரலாற்றுக் கேள்வி அன்றோ? ஒரு குலத்தின் தொழில் அதற்கு எப்போது வந்தது, எவ்வழி வந்தது என்பதுதானே கேள்வி? நூலகத்தில் தேடினேன். அங்கே நான் கண்டது, முடியரசர் வரலாறுகளையெல்லாம் சிறு பிள்ளை விளையாட்டாக்கும் ஒரு நெடிய வரலாறு. அதனைத் தோழர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

கண் திறந்து பார்த்தவர்கள்

நம்மிடம் மட்டுமே இந்த நம்பிக்கை இருந்ததென்று எண்ணிவிட வேண்டா. சீனத்திலும் இதே கதை வழங்கிற்று. குளவிக்குப் பிள்ளை இல்லை. ஆகவே அது புழுவைத் தத்தெடுத்துத் தன்னைப்போல் ஆக்குகிறது என்று அந்நாட்டார் நம்பினர். தத்துப் பிள்ளையைக் குறிக்க அந்தப் புழுவின் பெயரையே வழங்கினர். பழம்பாடல்களில் ஏறிய கருத்து. அறிஞர் பலர் ஒப்பிய கருத்து. ஆயினும், தாவோ ஹோங்ஜிங் (456–536) என்னும் மருத்துவ அறிஞர் அதனை ஏற்கவில்லை. குளவி முட்டையிடுகிறது, புழு அதன் குஞ்சுக்கு இரை என்று எழுதி வைத்தார். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பழம்பாடலைவிடக் கண்ணை நம்பிய மனிதர் அவர்!

பிரான்சு நாட்டில் பள்ளி ஆசிரியராய் வாழ்வைத் தொடங்கிய ழான் ஆன்ரி ஃபாபர் (1823–1915), வெயிலில் மணல்மேட்டில் மணிக்கணக்கில் படுத்துக் கிடந்து குளவிகளை நோக்கினார். குளவி இரையைக் கொல்வதில்லை, முடக்குகிறது. கொன்றால் அழுகிவிடும், முடக்கினால் குஞ்சு வளரும்வரை கெடாமல் இருக்கும் என்று விளக்கினார்.

சில குளவிகள் கூடும் கட்டுவதில்லை; உயிருள்ள புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடுகின்றன. குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளர்கின்றன. இவை ஒட்டுண்ணிக் குளவிகள். சார்லஸ் டார்வின் 1860 மே 22 அன்று அமெரிக்கத் தாவரவியல் அறிஞர் ஆசா கிரேக்கு எழுதிய மடலில் இவற்றைத்தான் குறிப்பிட்டார். அருளும் ஆற்றலும் மிக்க ஒருவர், புழுவை உயிரோடு தின்னட்டும் என்று திட்டமிட்டு இக்குளவிகளைப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப இயலவில்லை என்று அதில் எழுதினார். படைப்பு அன்று, படிப்படியான வளர்ச்சியே என்பது அவர் கண்ட முடிவு. சரி, அந்தப் படிகள் எவை? முதற்படி எது? அதைச் சொல்ல டார்வினிடம் சான்று இல்லை.

முகம் பார்த்து எழுதிய குலமுறை

குளவி, தேனீ, எறும்பு மூன்றும் உறவினம் என்பதை அறிஞர்கள் நெடுநாள் முன்பே உணர்ந்திருந்தனர். சுவீடன் நாட்டு லின்னேயசு 1758-ஆம் ஆண்டிலேயே இவற்றை ஒரே வரிசையில் வைத்து, சவ்வுச் சிறகுப் பூச்சிகள் எனப் பொருள்படும் பெயர் சூட்டினார். இன்று இவ்வரிசையில் பெயரிடப்பட்ட இனங்களே 1,50,000-க்கு மேல்.

ஆனால், உறவு என்றால் என்ன உறவு? யார் யாருக்கு மூத்தவர்? எந்தக் கிளை எதிலிருந்து பிரிந்தது? அன்றைய அறிஞர்கள் சிறகின் நரம்பையும், காலின் மயிரையும், கொடுக்கின் அமைப்பையும் ஒப்பிட்டுக் குலமுறை எழுதினர். அரிய உழைப்பு, ஐயமில்லை. எனினும், முகச்சாயலை மட்டும் வைத்து உறவு சொல்வது சில வேளை ஏமாற்றிவிடும். ஒரே தொழில் செய்யும் இருவர் உறவினர் அல்லாமலே ஒரே சாயல் கொள்வதுண்டு. உடன்பிறந்தோர் வெவ்வேறு வாழ்வு வாழ்ந்து அடையாளம் மாறிப்போவதும் உண்டு.

பாறைகளும் மரப்பிசின்களும் சில சான்றுகளைத் தந்தன. அமெரிக்காவின் நியூ செர்சியில், பழங்காலத்து மரப்பிசின் இறுகிக் கல்லான அம்பருக்குள் பூச்சிகள் சில கிடைத்தன. எட்வர்டு வில்சனும் அவருடைய தோழர்களும் 1967-இல் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டனர். ஏறத்தாழ ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவை. உடலில் பாதி எறும்பு, பாதி குளவி! 'குளவி எறும்பு' எனப் பொருள்படும்படியே அதற்குப் பெயரிட்டனர். எறும்பு குளவியின் வழித்தோன்றல் என்பது உறுதியாயிற்று. ஆனால், எந்தக் குளவியின் வழி? அந்த வினா மட்டும் மேலும் அரை நூற்றாண்டு காத்திருந்தது.

உடலுக்குள் ஓர் ஓலைச்சுவடி

விடை பூச்சியின் உடலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. உயிரின் ஒவ்வோர் அணுவறைக்குள்ளும் டி.என்.ஏ. என்னும் நெடிய இழை உள்ளது. நான்கே எழுத்துகளால் ஆன ஏடு அது. அதன் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் 1953-இல் விளக்கினர். ஓர் உயிரின் ஏடு முழுவதையும் மரபணுத் தொகுதி என்கிறோம். தாயும் தந்தையும் அந்த ஏட்டைப் படியெடுத்தே பிள்ளைக்குத் தருகின்றனர்.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த நம் தமிழ்ப் புலவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுவடியைப் பார்த்து இன்னொன்றைப் படியெடுக்கும்போது, எழுதுபவன் கை ஓரிடத்தில் பிசகும். அந்தப் பிழை, அச்சுவடியிலிருந்து படியெடுத்த எல்லாவற்றிலும் தொடரும். இரண்டு ஊர்களில் கிடைத்த இரண்டு சுவடிகளில், அதே இடத்தில் அதே பிழை பல இருந்தால், இரண்டும் ஒரே தாய்ச்சுவடியின் பிள்ளைகள் என்று பதிப்பாசிரியர் முடிவு செய்வார். அட்டையின் நிறமும் ஓலையின் அகலமும் வேறாயிருக்கலாம், பிழை காட்டிக்கொடுத்துவிடும்.

உயிர்களின் ஏட்டிலும் அப்படியே. தலைமுறை தலைமுறையாய்ப் படியெடுக்கையில் எழுத்துகள் மாறுகின்றன. பகிர்ந்துகொண்ட மாற்றங்களை எண்ணினால் உறவு விளங்கும். மாற்றங்களின் தொகையைக் காலம் அறிந்த புதைபடிவங்களோடு பொருத்தினால், எப்போது பிரிந்தன என்பதும் ஏறத்தாழ விளங்கும். ஆயிரக்கணக்கான மரபணுக்களைக் கணிப்பொறியால் ஒப்பிடும் வசதி இந்நூற்றாண்டில்தான் கைகூடிற்று.

2006-ஆம் ஆண்டில் தேனீயின் மரபணுத் தொகுதி வெளியிடப்பட்டது. இருபது கோடிக்கு மேற்பட்ட எழுத்துகள்! சவ்வுச் சிறகு வரிசையில் முழுமையாகப் படிக்கப்பட்ட முதல் ஏடு அது. அதே ஆண்டில் 180-க்கு மேற்பட்ட மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வொன்று, நூல்கள் சொல்லி வந்த குலமுறையையே புரட்டிப் போட்டது. முட்டை, புழு, கூட்டுப்புழு, முதிர்ந்த பூச்சி என முழு உருமாற்றம் கொள்ளும் பூச்சிகளில் வண்டுகள், வண்ணத்துப்பூச்சிகள், ஈக்கள், குளவியினம் ஆகியவை பெருங்கிளைகள். வண்ணத்துப்பூச்சிக்கும் ஈக்கும் குளவி நெருங்கிய உறவு என்று பலர் எழுதி வந்தனர். அன்று, முதலில் பிரிந்து தனிவழி சென்ற கிளையே குளவிக் கிளை என்று ஏடு காட்டிற்று.

பேரறிஞர் பலர் எழுதியதாயிற்றே, மாற்றலாமா என்று எவரும் தயங்கவில்லை. சான்று வந்தது, கருத்து மாறிற்று.

தொழில் வந்த வழி

இப்போது என் மாணவன் கேட்ட கேள்விக்கு வருவோம். ரால்ஃப் பீட்டர்சும் பன்னாட்டு ஆய்வாளர் குழுவினரும் 2017-இல் 173 பூச்சியினங்களின் 3,256 மரபணுக்களை ஒப்பிட்டு, குளவிக் குலத்தின் வரலாற்றை எழுதினர். இன்றுள்ள சவ்வுச் சிறகுப் பூச்சிகளின் கிளைகள் பிரியத் தொடங்கியது ஏறத்தாழ 28 கோடி ஆண்டுகளுக்கு முன்பு என்றனர். தேவதைகள் அல்ல, டைனோசர்கள்கூட அன்று இல்லை!

அந்த முன்னோர் கொலைஞர் அல்லர். இலை தின்று வாழ்ந்தவர்கள். அவ்வழி வந்த பூச்சிகள் இன்றும் உள்ளன. பெண்பூச்சியின் முட்டையிடும் உறுப்பு இரம்பம்போல் இருக்கும். அதனால் இலையையும் தண்டையும் அறுத்து முட்டையிடும். இடுப்பு ஒடுங்கியிராது, கொடுக்கும் கிடையாது.

ஒரு கிளை மரத்தைத் துளைத்து முட்டையிட்டது. மரத்துக்குள் வண்டுப் புழுக்களும் இருந்தன. மரத்தைத் தின்பதைவிட மரத்தைத் தின்னும் புழுவைத் தின்பது சத்தான உணவு. அந்தத் தாவல் இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பே, பெர்மியன் ஊழியின் இறுதியிலோ அடுத்த ட்ரையாசிக் ஊழியிலோ நிகழ்ந்தது. பல கிளைகளில் பலமுறை நிகழ்ந்திருக்குமோ என்ற ஐயம் இருந்தது. ஏடு சொல்வது வேறு: இக்குலத்தின் மூதாதை ஒன்றில் ஒரே ஒருமுறை தோன்றிய பழக்கம், வழிவழியாய் இலட்சக்கணக்கான இனங்களுக்குச் சென்றிருக்கிறது.

பின்னர் இடை ஒடுங்கிற்று. உடல் எப்பக்கமும் வளையக்கூடியதாயிற்று. இரையின்மேல் குறிபார்த்துக் குத்த முடிந்தது. அதன்பின், முட்டையிடும் குழலே ஒரு கிளையில் நஞ்சு பாய்ச்சும் கொடுக்காயிற்று. பெண்குளவி மட்டுமே கொட்டுவதும், ஆண்குளவி கொட்டாததும் ஏன் என்று இப்போது விளங்குகிறதா? கொடுக்கு என்பது உருமாறிய முட்டையிடு குழல்! என் வகுப்புச் சன்னலில் நடந்தது கற்பிக்கப்பட்ட கொடுமையும் அன்று. எவரும் இட்ட சாபமும் அன்று. சின்னஞ்சிறு மாற்றங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து நெய்த வாழ்க்கை முறை.

எறும்பின் கிளையும் தெளிந்தது. தாள்கூடு கட்டிக் கூட்டமாய் வாழும் குளவிகளுக்கு எறும்பு நெருங்கிய உறவு என்று முன்பு பலர் எண்ணினர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் 2013-இல் மரபணுச் சான்று காட்டி அதனை மறுத்தனர். மண் குழைத்தும் மணல் தோண்டியும் தனித்து வாழும் ஒருவகைக் குளவிகளும் தேனீக்களும் சேர்ந்த கிளைக்குத்தான் எறும்பு நெருங்கிய உறவு.

தேனீயோ அந்தக் குளவிக் கிளைக்கு உள்ளேயே முளைத்த கொம்பு. 2018-இல் வெளிவந்த ஆய்வு, தேனீக்கு மிக நெருங்கிய உறவினம் ஒன்றைக் காட்டிற்று. கண்ணுக்கு எளிதில் தென்படாத சிறு குளவிகள் அவை. பூக்களில் திரியும் இலைப்பேன்களைப் பிடித்துக் குஞ்சுகளுக்கு ஊட்டுபவை. பூவில் பிடித்த இரையின் உடலில் மகரந்தம் ஒட்டியிருக்கும்; இரையோடு சேர்ந்து மகரந்தமும் குஞ்சின் வாய்க்குப் போயிருக்கும்; நாளடைவில் இரை மறைந்து மகரந்தமே உணவாயிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! தேனீயைப் பாடாத புலவர் இல்லை. எறும்பை உழைப்புக்கு உவமை சொல்லாத ஆசிரியர் இல்லை. குளவியைக் கண்டால் மட்டும் துடைப்பத்தைத் தேடுகிறோம். ஏட்டைத் திறந்து பார்த்தால், தேனீ என்பது இறைச்சியை விட்டு மகரந்தத்துக்கு மாறிய குளவி. எறும்பு என்பது பெரும்பாலும் சிறகை இழந்து மண்ணில் நடக்கும் குளவி! நாம் போற்றியதும் தூற்றியதும் ஒரே குடும்பம்.

பகைவனும் பங்காளியும்

2010-இல் ஒட்டுண்ணிக் குளவி ஒன்றின் மரபணுத் தொகுதி முதன்முதலாக வெளிவந்தது. ஈயின் கூட்டுப்புழுவுக்குள் வளரும் நாசோனியா என்னும் சிறு குளவியும் அதன் உறவினம் இரண்டும் அன்று படிக்கப்பட்டன. குளவியின் ஏட்டில், அம்மை நோயை உண்டாக்கும் வைரஸ் குடும்பத்தில் காணப்படும் மரபணுக்களை ஒத்தவை செருகப்பட்டிருந்தன!

அதைவிட வியப்பு வேறொன்று. புழுவுக்குள் முட்டையிட்டால், புழுவின் உடல் அதனை அந்நியப் பொருள் என்று அறிந்து சூழ்ந்து கொல்ல முயலும். குளவி முட்டை எப்படித் தப்பியது? முட்டையோடு சேர்த்து வைரஸ் துகள்களையும் குளவி செலுத்துகிறது. அவை புழுவின் எதிர்ப்பாற்றலை அடக்குகின்றன என்று 1981-இல் மெய்ப்பிக்கப்பட்டது. அந்தத் துகள்கள் எங்கிருந்து வந்தன? பிராக்கோனிட் என்னும் குடும்பத்துக் குளவிகளைப் பற்றி 2009-இல் விடை கிடைத்தது. ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அக்குளவிகளின் முன்னோரைத் தொற்றிய வைரஸ், அவற்றின் மரபணுத் தொகுதிக்குள்ளேயே குடியேறிவிட்டது. இன்று அது தனி உயிரி அன்று. குளவியின் ஆயுதக் கிடங்கு. டார்வின் குறிப்பிட்ட இக்னியூமோன் குளவிகளிடமும் இத்தகைய படைக்கலம் உண்டு. ஆனால், அது வேறொரு வைரஸிலிருந்து தனியே பெறப்பட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. அந்தக் குளவி வைரஸின் மரபணுக்கள் சில, பட்டுப்பூச்சி முதலியவற்றின் ஏட்டிலும் புகுந்து தங்கியிருப்பதை 2015-இல் கண்டனர். பகைவன் எய்த அம்பின் முனை, பிழைத்தவன் வீட்டுச் சொத்தாயிற்று! கலப்பே இல்லாத தூய மரபு என்று ஒன்றைத் தேடுவோர், குளவியின் ஏட்டையும் புழுவின் ஏட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.

அத்திப்பழத்தைப் பிட்டால் அத்தனையும் பூச்சி என்கிறோம். அந்தப் பூச்சி எது என்று கேட்டதுண்டா? அதுவும் குளவியே! ஒட்டுண்ணிக் குளவிகளின் வழிவந்து, மீண்டும் தாவர உணவுக்குத் திரும்பிய சிறு குளவி. அதன் பெண் நுழையாவிடில் அத்தியில் மகரந்தச் சேர்க்கை இல்லை, விதை இல்லை. பேயத்தியில் வாழும் குளவியின் மரபணுத் தொகுதியைச் சீன ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டனர். மணம் அறியும் மரபணுக்களும், நஞ்சு முறிக்கும் மரபணுக்களும் அதில் வெகுவாகச் சுருங்கியிருந்தன. அத்திக்காய்க்குள்ளேயே வாழ்வைக் கழிக்கும் உயிருக்குப் பரந்த உலகை அறியும் கருவிகள் எதற்கு? பயன்படாத அறிவு மெல்ல அழிந்துவிட்டது. நமக்கும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டென்று சொல்லத் தோன்றுகிறது.

குளவிக் குலம் இத்தனை பல்கிப் பெருகக் காரணம் ஒட்டுண்ணி வாழ்வு, ஒடுங்கிய இடை, கொடுக்கு என்றே நூல்கள் கூறி வந்தன. எழுநூற்றுக்கு மேற்பட்ட இனங்களை ஒப்பிட்டு 2023-இல் வெளிவந்த ஆய்வு, அதையும் மறு ஆய்வுக்கு இழுத்தது. ஒட்டுண்ணி வாழ்வு உடனடிப் பெருக்கத்துக்குக் காரணமாகவில்லை. தேனீயைப்போல், அத்திக்குளவியைப்போல் மீண்டும் தாவரத்தை நாடிய கிளைகளில்தான் பெருக்கம் விரைந்தது. இடைக்கும் கொடுக்கும் தரும் பெருமைக்குச் சான்று போதாது என்றது. நாளை இதையும் ஒருவர் திருத்தக்கூடும். திருத்தட்டும்! திருத்தத்துக்கு அஞ்சாததே அறிவியலின் ஆற்றல்.

அரசியும் பணிப்பெண்ணும்

தேன்கூட்டை ஆள்பவன் அரசன் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். ஆண்தானே ஆள முடியும் என்று உலகம் அதனை நம்பிற்று. ஆலந்து நாட்டு சுவாமர்டாம் (1637–1680) அந்த 'அரசனை' அறுத்துப் பார்த்தார். உள்ளே இருந்தவை சூலகங்கள்! அரசன் அரசியானார். பின்னும் அரசி பிறப்பால் உயர்ந்தவள், பணித்தேனீ பிறப்பால் தாழ்ந்தவள் என்ற எண்ணம் மட்டும் எஞ்சி நின்றது. பூச்சியியலார் இவற்றைக் குறிக்க வழங்கும் ஆங்கிலச் சொல்லே சாதி என்னும் பொருளுடையது.

ஏடு என்ன சொல்கிறது? அரசிக்கும் பணித்தேனீக்கும் மரபணுத் தொகுதி ஒன்றே. ஒரே கூட்டில், ஒரே தாயின் முட்டையிலிருந்து வந்த பெண்புழு எதுவும் அரசியாகலாம். ஊட்டப்படும் உணவும் வளர்க்கப்படும் அறையும் மாறினால், திறக்கும் பக்கங்கள் மாறுகின்றன, ஏடு மாறுவதில்லை. 2008-இல் ஆசுத்திரேலிய ஆய்வாளர்கள், மரபணுக்களில் அடையாளக் குறி இடும் ஒரு நொதியின் ஆக்கத்தைப் புழுக்களில் தடுத்தனர். அவற்றுள் பெரும்பாலானவை முழு வளர்ச்சியுற்ற சூலகங்களோடு அரசிகளாகவே வெளிவந்தன!

இதைக் காட்டி மனிதச் சமுதாயத்துக்குச் சட்டம் எழுத நான் வரவில்லை. தேன்கூட்டைக் காட்டி முடியாட்சிக்கு நியாயம் கற்பித்தவர்கள் ஒரு காலத்தில் இருந்தனர். அதே தவற்றை நாம் செய்ய வேண்டா. மனிதரின் சமத்துவத்துக்குத் தேனீயின் சான்றிதழ் தேவையில்லை. ஆனால், இயற்கையே பிறப்பால் உயர்வு தாழ்வு வகுத்துவிட்டது என்று கூறி, அதற்குத் தேன்கூட்டைச் சாட்சிக்கு அழைப்பவர் எவரேனும் இருந்தால், அந்தச் சாட்சி அவர்களுக்கு எதிராகவே பேசும்.

வயலில் ஒரு மெய்ப்பு

'குளவியின் குலமுறையால் ஏழைக்கு என்ன பயன்?' என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். 2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி காணப்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி என்று பரவி உழவர் வயிற்றில் அடித்தது. மருந்து மேல் மருந்து தெளித்தும் அடங்கவில்லை. மாவுபோன்ற மெழுகுப் போர்வைக்குள் மறைந்து வாழும் பூச்சி அது, அயல்நாட்டிலிருந்து வந்தது. அதன் இயல்பான பகைவன் இங்கு இல்லை. 2010-இல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூவகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து, இங்கே பெருக்கி, வயல்களில் விட்டனர். அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்னும் சிறு குளவி பெருவெற்றி கண்டது. நாசோனியாவுக்கும் அத்திக்குளவிக்கும் அது பங்காளி.

எந்தக் குளவி எந்தப் பூச்சியை மட்டும் தேடும் என்பதை அறியாமல் விட்டால் நன்மையே தீமையாய் முடியும். உறவறிந்து, இயல்பறிந்து, தேர்ந்து விட்டதால்தான் வயல் பிழைத்தது. யாகமும் வேள்வியும் தடுக்காத மாவுப்பூச்சியை, கண்ணுக்குத் தென்படாத குளவி தடுத்தது. அதனைத் தேடிக் கொணர்ந்தது மனித அறிவு. கண்ட பூச்சியையெல்லாம் நஞ்சூற்றிக் கொல்லும் உழவன், தன் காவற்காரனையும் சேர்த்தே கொல்கிறான் என்பதை ஊர்தோறும் எடுத்துச் சொல்ல வேண்டியது நம் கடமை.

இவற்றையெல்லாம் என் மாணவர்க்கு என்னால் இயன்ற எளிய சொற்களில் கூறினேன். சன்னல் கூட்டில் நாங்கள் திறக்காமல் விட்ட அறைகளில் வட்டத் துளைகள் விழுந்து, புதிய குளவிகள் பறந்துபோயின. சில நாள் கழித்து, முதலில் கேள்வி கேட்ட மாணவனை அழைத்து, "பாட்டியிடம் என்ன சொன்னாய், தம்பி?" என்று கேட்டேன்.

"ஒன்றும் சொல்லவில்லை, ஐயா. எங்கள் வீட்டு உத்தரத்தில் இருந்த கூட்டைத் திறந்து காட்டினேன்."

"பாட்டி என்ன சொன்னார்கள்?"

"'எழுபது வருசமாய் யாரும் எனக்கு இதைத் திறந்து காட்டவில்லையே!' என்றார்கள், ஐயா."

தோழர்களே! அந்த முதியவரின் சொல்லில் மடமை இல்லை, ஏக்கம் இருக்கிறது. பொய்யை நம்பியவரைப் பார்த்து நகைப்பது எளிது; கூட்டைத் திறந்து காட்டுவதுதான் கடினம். அந்தக் கடினமான பணியே நம்முடையது. இன்னும் திறக்கப்படாத கூடுகள் நம் வீட்டு உத்தரங்களில் ஏராளம்!